கர்த்தருக்குச் சரியான விலாசம் சொன்ன அம்மா

கர்த்தருக்குள் நித்திரையடைந்த எங்கள் அம்மாவின் நினைவு ஆராதனைக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மகள் எழுதுகிறேன். அம்மாவின் வாழ்க்கையை அரைப் பக்கத்தில் முடிக்கும்படி எனக்குச் சொல்லப்பட்டது. பல சோதனைகளைப் பொறுமையோடு சகித்தார், கர்த்தர் ஆசீர்வதித்தார் என்று எழுதினால் போதுமாம். சொன்னவர் அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா. தன் பேத்திக்குச் சம்பந்தம் பேசுகிற நேரம், பழைய கதை எதற்கு என்கிறார். மாமா மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர் சொன்னபடி எழுத மாட்டேன்.

அம்மா நாசரேத்தில் வாத்தியார் வீட்டில் பிறந்தார்கள். தாத்தா வாத்தியார், மாமாவும் வாத்தியார். தூத்துக்குடி துறைமுகத்தில் ஒரு கம்பெனியில் கிளார்க்காக இருந்த அப்பாவுக்கு அம்மாவைக் கட்டிக்கொடுத்தார்கள். அப்பா நல்லவர். அப்பா குடிப்பார். இரண்டும் உண்மை. குடியால் வேலை போயிற்று, பிறகு ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டும் போய்விட்டார். அம்மா என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு மாமா வீட்டுக்கு வந்தார்கள்.

மாமா எங்களுக்குச் சோறு போட்டார். அதை மறைத்தால் நான் மனுஷியே இல்லை. ஆனால் யாராவது கேட்டால் அப்பா துபாயில் இருப்பதாகச் சொல்ல வேண்டும் என்று சொல்லிவைத்தார். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருப்பதால் யாரும் துருவிக் கேட்க மாட்டார்கள். தம்பி ஒரு படி மேலே போய், அப்பா அங்கே விமானம் ஓட்டுவதாகவே பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டான்.

அந்த வருஷம் ஸ்தோத்திரப் பண்டிகை வந்தது. அன்று ஒவ்வொரு குடும்பமாக முன்னால் போய்க் காணிக்கை படைத்து, கர்த்தர் செய்த நன்மைகளைச் சாட்சியாகச் சொல்வோம். குருவானவர் அந்தக் குடும்பத்துக்காக ஜெபிப்பார். மாமா எங்களையும் கூட்டிக்கொண்டு முன்னால் போனார். தங்கச்சி மாப்பிள்ளையைத் துபாயில் கர்த்தர் கண்மணி போலக் காத்துவருகிறார் என்று சாட்சி சொன்னார். குருவானவரும் அதை நம்பி, துபாய் வெயிலில் உழைக்கிற எங்கள் அப்பாவின் சரீர சுகத்துக்காக உருகி ஜெபித்தார். சபை ஆமென் சொல்லப்போகிற நேரத்தில் அம்மா வாயைத் திறந்தார்கள்.

"ஐயா, கர்த்தருக்கு விலாசத்த மாத்திச் சொல்லாதிய. அவுக துபாயில இல்ல. தூத்துக்குடியில எங்கயோ குடிச்சிட்டுக் கிடக்காவ. அங்கன தேடச் சொல்லுங்க."

குடும்ப மானம் கோயிலுக்குள்ளேயே கப்பலேறிவிட்டது என்று மாமா வீட்டில் கொதித்தார். அம்மா எங்களை ஆறுமுகநேரிக்குக் கூட்டிக்கொண்டு போய், அங்கே உப்பளத்தில் உப்புச் சுமந்தார்கள். வாத்தியார் வீட்டுப் பெண் தலையில் உப்புக் கூடையா என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். பேசியவர்களில் ஒருவர்கூட அந்தக் கூடையை இறக்கிவைக்க வரவில்லை. காயல்பட்டினத்துப் பெண் ஒருவர்தான் தன் வீட்டின் பின்கட்டை எங்களுக்குத் தந்தார். அக்கா என்பதற்கு அவர்கள் சொல்லும் முறையில், நாங்கள் அவரை லாத்தா என்போம். நோன்பு மாதம் முழுவதும் எங்களுக்கும் ஒரு தூக்குவாளி கஞ்சி வந்துவிடும்.

சில மாதங்கள் கழித்து, அளத்தில் உப்பு ஏற்ற வந்த லாரி டிரைவர் ஒருவர் அம்மாவைத் தேடி வந்தார். அன்று கோயிலில் இருந்த ஓர் அக்காவின் வீட்டுக்காரர் அவர். அம்மா சொன்னதை மனைவி சொல்லக் கேட்டதிலிருந்து, துறைமுகத்துக்குப் போகும்போதெல்லாம் அப்பாவைத் தேடியிருக்கிறார். ஒரு லாரி செட்டில், கால் புண்ணோடு எழுந்து நடக்க முடியாமல் அப்பா கிடந்தாராம். அம்மா உடுத்தியிருந்த வேலைச் சேலையோடு அந்த லாரியிலேயே ஏறிப் போனார்கள்.

அப்பா பிழைத்தார். குடி உடனே போகவில்லை. விட்டார், தவறினார், மறுபடியும் விட்டார். கடைசியில் அதே அளத்தில் வாட்ச்மேனாக இருந்து, தெளிந்த மனுஷனாகக் கண்ணை மூடினார். அதன் பிறகு அம்மா எப்போது சாட்சி சொன்னாலும் அந்த லாரி செட்டிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். பெண்கள் சங்கத்தில் முகம் சுளித்தவர்கள் உண்டு. இதையெல்லாம் சபையில் சொல்ல வேண்டுமா என்று ஒருவர் கேட்டே விட்டார். அம்மா கோபப்படவில்லை.

"விழுந்த இடத்தச் சொல்லாம, தூக்கிவிட்டவரப் பத்தி என்னத்தச் சொல்ல?"

அரைப் பக்கம் போதும் என்பவர்களிடம் நானும் கேட்கிறேன். சோதனைகள் என்று ஒரு வார்த்தையைப் போட்டு மூடினால், அந்த டிரைவர் எங்கே? லாத்தா எங்கே? அவர்கள் கையால்தானே கர்த்தர் செய்தார். வெட்கத்துக்கு அஞ்சி அவர்களை வெட்டிவிட்டு மிச்சத்தைக் கர்த்தருக்கு மகிமை என்று அச்சடித்தால், அது அவருக்கே அடுக்காது. படுக்கையில் கிடந்த கடைசி நாட்களில் அம்மா என் கையைப் பிடித்து, எல்லாவற்றையும் எழுது, அண்ணன் கோபித்தால் கோபிக்கட்டும் என்றார்கள். அதனால்தான் எழுதுகிறேன். சம்பந்தம் பேச வருகிறவர்களும் வாசிக்கட்டும்.

அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், லாத்தாவின் பிள்ளைகளுக்கும், அளத்து வேலையை விட்டுவிட்டு வந்து அழுத பெண்களுக்கும், அடக்க ஆராதனை நடத்திய குருவானவருக்கும் எங்கள் நன்றி. முதல் நாளிலிருந்து ஓடியாடி எல்லாம் செய்த மாமாவுக்கும் நன்றி. மனதாரத்தான் சொல்கிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் தம்பி எங்கே என்று கேட்டார்கள். கத்தாரில் லீவு கிடைக்கவில்லை என்று மாமா சொல்லிவிட்டார். அதே பழைய துபாய்தான், ஊர் மட்டும் மாறியிருக்கிறது. தம்பி கத்தாரில் இல்லை. மதுரையில், குடியை விட வைக்கும் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். எழுது அக்கா என்று அவனே சொன்னான். அவனுக்காக ஜெபிக்கிறவர்கள் மதுரை என்று சொல்லி ஜெபியுங்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் அவனை ஓர் எட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.