கால் முதலில்

அந்தக் குளத்துத் தண்ணீர் வாய்க்குள் போனால் நாக்கில் இரும்புத் துருவின் ருசி ஒட்டிக்கொள்ளும். சோறு தின்ற பிறகும் போகாது. மலேசியாவில் சுவா என்ற ஊருக்கு உள்ளே, எங்கள் ரப்பர் தோட்டத்து ஆலைக்குத் தண்ணீர் இறைக்க வெட்டிய குளம் அது. வேலையை மேற்பார்க்கும் ‘மண்டோர்’ எத்தனை முறை விரட்டினாலும், பால் வெட்டப் போன அம்மா வீடு திரும்புவதற்குள் நானும் சரோஜா அக்காவும் அதில் இறங்கிக் கரையேறிவிடுவோம். எனக்குப் பதினோரு வயது, அக்காவுக்குப் பதினாலு.

அந்த ஆண்டு மழை பெய்யவில்லை. ‘பம்பு வீட்டு’ சிமெண்டுத் திண்டின் மேல் ஏறிய அக்கா, கரையைச் சுற்றிப் புதிதாகத் தெரிந்த சேற்றைப் பார்த்துத் தயங்கினாள். ஏற்கெனவே தண்ணீரில் இருந்த நான் கத்தினேன்: “பயந்தாங்கொள்ளி! குதிலா!”

அக்கா தலைகீழாகப் பாய்ந்தாள்.

விழுந்த சத்தம் வழக்கமானதாக இல்லை. முகம் குப்புற மிதந்து வந்தவளைப் பார்த்து, விளையாடுகிறாள் என்று முதலில் நினைத்தேன். “போதும்லா அக்கா!” என்றேன். அசையவில்லை. நீந்திப் போய்ப் புரட்டினேன். கண்கள் திறந்திருந்தன, நெற்றியில் ரத்தம். இருமிவிட்டு மெல்லக் கேட்டாள்: “என் கை எங்கடி இருக்கு?”

நான் அலறியபடி அவள் கக்கத்தில் கைகொடுத்துக் கரைக்கு இழுக்கப் போனேன். அலறல் கேட்டு வெளியே ஓடிவந்தார் பம்பு ஓட்டும் மாணிக்கம் அண்ணன். “இழுக்காத! தலைய ஆட்டாத! அப்படியே மெதக்க வச்சுப் புடி!” என்று கத்தினார். மரம் விழுந்து அடிபட்ட ஒருவரை நாலு பேர் அள்ளித் தூக்கியதையும், அதன்பின் அவர் நடக்காமலே போனதையும் அவர் நேரில் பார்த்தவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அவருக்கு நீச்சல் வராது. ஆள் கூட்டிவர ஆலைக்கு ஓடினார்.

அக்காவின் தலையை இரண்டு முன்கைகளுக்கும் நடுவே இறுக்கிப் பிடித்தேன். கைகளை அசைக்காமல் காலால் மட்டும் உதைத்து மிதக்க வேண்டியிருந்தது. தொடை மரத்தது, ஒருமுறை நானே தண்ணீர் குடித்தேன். அப்போது எதுவோ உள்ளங்காலைக் கிழித்தது. நீருக்கடியில் வெட்டுண்டு கிடந்த பழைய மரக்கட்டை. அக்காவின் தலை மோதியது அதில்தான் என்று உடனே புரிந்தது. அதன் மேலேயே ஏறி நின்றேன். தண்ணீர் என் தாடை வரை இருந்தது.

“விட்டுடாதடி,” என்றாள் அக்கா.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. மாணிக்கம் அண்ணனும் மூன்று பேரும் ஒரு கதவைக் கழற்றி எடுத்து வந்தார்கள். நீந்தத் தெரிந்த இருவர் அதை அவளுக்கு அடியில் செருகி, இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்து அதனால் தலையைக் கட்டி, மெல்லக் கரைசேர்த்தார்கள். லுக்குட் ஆஸ்பத்திரி வரை லாரி ஊர்ந்தே போனது. சேதி கேட்டு ஓடிவந்து ஏறிய அம்மா ஒவ்வொரு குழியிலும் டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் அம்மா கேட்டாள்: “யாருடி உன்னைக் குதிக்கச் சொன்னது?”

நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. “யாரும் இல்லம்மா. நானாத்தான் குதிச்சேன்.”

கழுத்தெலும்பு விரிசல். பல மாதம் படுத்துக் கிடந்து, பிறகு நடந்தாள். இடக்கையில் இரண்டு விரல்கள் மட்டும் இன்னும் மரத்துத்தான் இருக்கின்றன. தண்ணீரில் அவள் மறுபடி இறங்கவில்லை.

நான் இன்றும் வாரம் மூன்று நாள் நீந்துகிறேன். அறுபதை நெருங்கியும் ஒரு சுளுக்குக்கூட இல்லையே என்று கூட நீந்தும் பெண்கள் கேட்பார்கள். ஆழம் எழுதியிருந்தாலும் நம்பாமல், கால் முதலில் இறங்கி நானே அளந்து பார்ப்பேன். தோளைச் சுழற்றிச் சூடேற்றாமல் ஒரு கை வீசமாட்டேன். லேசாக வலித்தாலும் ஏறிவிடுவேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

தோட்டத்தைத் துண்டாடி விற்றுவிட்டார்கள். குளத்தைத் தூர்த்த இடத்தில் இப்போது லாரிகள் நிற்கின்றன. பம்பு வீடு நின்ற இடம்கூட அடையாளம் தெரியவில்லை. போன மாதம் அக்காவை அங்கே அழைத்துப் போயிருந்தேன். இத்தனை வருடம் கேட்க நினைத்ததைக் கேட்டேவிட்டேன்: “நான்தான் குதிக்கச் சொன்னேன்னு அம்மாகிட்ட ஏன்க்கா சொல்லல?”

அக்கா என்னை வினோதமாகப் பார்த்தாள்.

“சொல்லியிருந்தா, அதுக்கப்புறம் உன்னத் தண்ணியில இறங்க விட்டிருப்பாங்களா?”