அப்பா பெயருக்கு முன்னால் ஒரு லேட்

'தாழ்மையுடன்' என்ற சொல்லைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் குமட்டும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கூடவே வைக்கிற கடிதத்தில் அந்தச் சொல் இல்லாவிட்டால், எங்கள் பக்கத்தில் அதைக் கடிதமாகவே மதிக்க மாட்டார்கள். தாழ்மையுடன், பணிவுடன், கருணைகூர்ந்து, காலமெல்லாம் கடமைப்பட்டு. படித்துவிட்டு வேலை கேட்கிறோமா, இல்லை கோயில் வாசலில் துண்டு விரித்து உட்கார்ந்திருக்கிறோமா?

தஞ்சாவூரில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரர் எனக்குச் செய்த காரியத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. கடை கலெக்டர் ஆபீஸுக்குப் பக்கத்தில். திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு மனு அடித்துக் கொடுத்தே பழகிய கை அவருடையது. பட்டா மாறவில்லை, வாய்க்கால் தூர் வாரவில்லை, பயிர்க் காப்பீடு வரவில்லை என்று நாள் முழுக்க அழுகையையே அடித்துக்கொண்டிருப்பார். அவர் கைபட்டால் எதுவும் மனுவாகிவிடும்.

நான் வேதியியல் முடித்திருந்தேன். பேராவூரணிப் பக்கம் ஒரு தேங்காய் எண்ணெய் ஆலையில் பரிசோதனைக்கூடத்துக்கு ஆள் கேட்டிருந்தார்கள். அப்பா குத்தகைக்கு நிலம் எடுத்து நெல் போடுகிறவர். அந்த வருஷம் குறுவை அறுக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டு, கதிர் சாய்ந்து நெல் வயலிலேயே முளைத்துவிட்டது. எனக்கு வேலை கிடைத்தால்தான் தங்கை கல்லூரிக்குப் போக முடியும் என்ற நிலை. அதனால் அந்தக் கடிதத்தை அடித்தும் திருத்தியும் நானே எழுதினேன். எண்ணெயில் அமிலத்தன்மை பார்க்கும் சோதனையைக் கல்லூரியில் எப்படிச் செய்தேன், முதலில் எங்கே தப்பு விட்டேன், அதை எப்படிக் கண்டுபிடித்தேன், கொப்பரையில் ஈரம் நின்றால் எண்ணெய் எப்படிக் கெடும். அவ்வளவுதான். கெஞ்சல் ஒரு வரிகூடக் கிடையாது.

கடைக்காரர் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"என்னம்மா இது, பரீட்சை பேப்பர் மாதிரி எழுதியிருக்க? படிக்கிறவன் மனசு உருக வேணாமா?"

"இப்படியே அடிச்சு அனுப்புங்கண்ணே."

அதற்குள் கரண்ட் போய்விட்டது. வந்ததும் அனுப்பிவிடுவதாகச் சொன்னார். நம்பி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆலையிலிருந்து கூப்பிட்டார்கள். எங்கள் ஊரில் பெண்பிள்ளை இன்டர்வியூவுக்குப் போனால் அப்பா கூடவே போவார். என் அப்பாவும் சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்து, மேலாளர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. பேச்சு பாதிக்குப் பாதி வெளியே கேட்கும்.

மேலாளர் நல்ல மனுஷராகத்தான் தெரிந்தார். கையிலிருந்த தாளைப் பார்த்தபடியே மெல்லக் கேட்டார்.

"அப்பா லேட்டாம்மா?"

"இல்ல சார், கரெக்ட் டைமுக்கு என்கூடவே வந்துட்டாங்க. வெளியிலதான் உக்காந்திருக்காங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். பிறகு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். அப்பாவின் பெயருக்கு முன்னால் 'லேட்' என்று இருந்தது. காலமானவர்களுக்குப் போடுகிற அந்த லேட். கீழே கடிதத்தில் நான் எழுதியதில் ஒரு சொல்கூட இல்லை. தந்தையை இழந்து ஆதரவற்று நிற்கும் நான், தங்கள் பாதம் பணிந்து, தாழ்மையுடன். அடியில் என் பெயர். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. சாணியை மிதித்திருந்தால்கூடக் காலைக் கழுவிக்கொண்டு போயிருக்கலாம்.

"இது நான் எழுதினது இல்ல சார். எங்க அப்பா நல்லாத்தான் இருக்காங்க" என்றேன். சத்தமே வரவில்லை.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்பா இறந்துட்டாருன்னு எழுதினதாலதாம்மா முதல்ல உன்னைக் கூப்பிட்டோம்!" என்று உரக்கச் சொல்லிவிட்டு, வெளியே எட்டிப் பார்த்து அப்பாவை உள்ளே அழைத்தார்.

"ஐயா, நீங்க இந்தப் பொண்ணுக்கு என்ன வேணும்?"

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"சித்தப்பாங்க. அண்ணன் தவறிட்டாருங்க. அப்பன் இல்லாத புள்ள, நீங்கதான் பாத்துச் செய்யணும்."

தடுப்புக்கு அந்தப் பக்கம் மேலாளர் போட்ட சத்தம் மட்டும்தான் அப்பா காதில் விழுந்திருக்கிறது. நான் சொன்னது விழவில்லை.

"நீ அப்பாங்கற, அவரு சித்தப்பாங்கறாரு. நான் யாரைம்மா நம்புறது?"

அப்பாவின் சட்டைப்பையில் ஆதார் கார்டு இருந்தது. வாங்கிக் காட்டினால் நான் சொன்னது உண்மையாகிவிடும். அப்பா அந்த ஆள் முன்னால் பொய்யராக நிற்பார்.

"அப்பா, வாங்க போவலாம்" என்று சொல்லிக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பட்டுக்கோட்டை வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினோம். எனக்குக் கடைக்காரர்மேல் அருவருப்பு. அழுதால்தான் கூப்பிடுவேன் என்கிற ஆலைமேலும் அருவருப்பு. பட்டுக்கோட்டை தாண்டிய பிறகு அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஏன் பாப்பா அவசரப்பட்ட? நான் செத்தவனாவே இருந்துட்டுப் போறேன். உனக்கு வேலை கெடச்சிருக்கும்ல."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.