சந்தனம் அடைத்த போல்ட்

காலை ஐந்து நாற்பதுக்குக் கதவைத் திறந்தபோது முதலில் கண்டது, முன்சக்கரம் தரையில் படாமல் செங்கல் அடுக்கின் மேல் நின்ற பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிளை. தாராவியில் எங்கள் சந்து, எதிரே ஒருவர் வந்தால் யார் வீட்டுக்குள்ளாவது ஒதுங்க வேண்டிய அகலம். அதன் நடுவில் ராஜா மாதிரி வண்டி.

பக்கத்து வீட்டுக்காரர் விக்ரோலியில் ஒரு தொழிற்சாலை வாசலில் இட்லி விற்பவர். வண்டிதான் கடை. பின்னால் இட்லிப் பாத்திரங்கள், பக்கவாட்டில் சாம்பார் கேன். எட்டு மணி ஷிப்டுக்கு முன் அங்குள்ள மரத்தடியில் நின்றாக வேண்டும். நிற்கிறவருக்குத்தான் அந்த இடம். ஒரு நாள் விட்டால் போயிற்று.

முந்தின நாள் முன்சக்கர பேரிங் உடைந்துவிட்டது. புது பேரிங் வாங்கியாயிற்று. செம்பூரில் மெக்கானிக்காக இருக்கும் மைத்துனரும் வந்தாயிற்று. சக்கரத்தைக் கழற்ற, அதை இருபுறமும் தாங்கும் ஃபோர்க்கின் அடியில் அச்சைக் கவ்வியிருக்கும் ஒரு சின்ன போல்ட்டைத் தளர்த்த வேண்டும். அதன் தலையில் உள்ள அறுகோணக் குழியில் ஆலன் கீயை நுழைத்துத் திருகினால் போதும். குழியைத்தான் காணவில்லை. அங்கே சந்தனம் இருந்தது.

ஆயுத பூஜைதோறும் பக்கத்து வீட்டுக்காரர் தன் வண்டியின் எல்லா போல்ட்டுக்கும் பாரபட்சமில்லாமல் சந்தனம் வைப்பார், அதன் மேல் குங்குமம். பழையதைத் துடைப்பது மரியாதையில்லை என்பதால் அடுத்த ஆண்டு அதன் மேலேயே வைப்பார். அதைத் துருவோடு சேர்த்து இறுக்கும் மீதி வேலையை மும்பை மழை பார்த்துக்கொண்டது. சந்தனம் வைக்க முடியாத இடத்தில் இருந்தது பேரிங் மட்டும்தான், உடைந்ததும் அதுதான். இதை அவர் ஒரு சாட்சியமாகவே எங்களிடம் சொன்னார்.

மைத்துனர் குழியைச் சுரண்ட ஆணியை எடுத்தார்.

“ஏல, சாமி பொட்டுல்லா அது. சுரண்டாத.”

“கீ உள்ள போவணும்லா அத்தான்?”

“மேலாப்புல வச்சுத் திருப்பு. வரும்.”

அக்காவின் கணவரே வாடிக்கையாளர் என்றால் தொழில் அனுபவத்துக்கு அவ்வளவுதான் மதிப்பு. மேலாப்பில் வைத்துத் திருப்பினார். கீ வழுக்கியது. அறுகோணம் வட்டமாயிற்று. மண்ணெண்ணெய் விட்டு, பிளையரால் தலையைக் கவ்வி, கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு பக்கத்து வீட்டுக்காரரே ஒரு முறுக்கு முறுக்கினார். தலை தனியாகக் கையோடு வந்தது. குழியின் அடியில் சந்தனத்தில் ஒரு கீறலும் இல்லை.

தலை போனதும் அச்சின் பிடி விட்டது. சக்கரம் கழன்று, பேரிங்கும் மாறியது. ஆனால் உடைந்த பாதி உள்ளேயே துருப்பிடித்து நின்றதால் புது போல்ட் ஏறவில்லை. அப்படியே ஓட்டிப் போகிறேன் என்றார் இவர். மைத்துனர் வண்டிச் சாவியை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“வழியில சக்கரம் ஆடுச்சுன்னா அக்காட்ட நான் என்னன்னு சொல்ல?”

இவர் அதன்பிறகு இட்லிப் பாத்திரத்தின் மூடியை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சந்து வெல்டிங்காரர் ஒன்பது மணிக்கு மேல்தான் கடை திறப்பார். திறந்தார். உடைந்த தண்டின் மேல் ஒரு நட்டை வைத்துப் பற்றவைத்து, ஸ்பேனர் போட்டுத் திருப்பினார். சூட்டில் துரு விட்டு, இத்தனை நேரம் எங்களைப் பாடாய்ப் படுத்திய பாதி போல்ட் பரம சாதுவாக வெளியே வந்தது.

புது போல்ட்டை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரர் விக்ரோலி போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. மரத்தடியில் ஒரு பெண் போஹா, அதாவது அவல் உப்புமா, விற்றுக்கொண்டிருந்தார்.