கயிறு போடாத பீரோ

எலுமிச்சை மூட்டை, பருத்தி மூட்டை, சேலைப் பண்டல் என்று எத்தனையோ லோடு ஏற்றியிருக்கிறேன். கொஞ்ச தூரம் ஓட்டியதும் லோடு அமர்ந்து கயிறு தொய்யும்; இறங்கி மறுபடி இறுக்காமல் சங்கரன்கோவில் எல்லையைத் தாண்டியதில்லை. மற்ற டிரைவர்களுக்கு இதைப் பாடமே எடுப்பேன். அக்காள் மகளின் கல்யாணச் சீர் ஏற்றிய அன்று மட்டும் அந்த வாய் எங்கே போனதோ.

மாப்பிள்ளை வீடு புளியங்குடியில். கட்டில், மெத்தை, கிரைண்டர் எல்லாம் ஏற்றி, கடைசியாகப் பீரோவை லாரியின் பின்பக்கம் கண்ணாடி வெளியே தெரிய நிறுத்தினோம். கயிற்றை எடுத்ததும் அத்தான் என் கையைப் பிடித்தார்.

"கயிறு போட்டா பெயிண்ட் உரிஞ்சிரும் மாப்ள. பின்கதவையும் தொறந்தே விடு. நாலு பேரு பாக்கணும்லா?"

தெருவே வேடிக்கை பார்த்தது. எனக்கும் அந்தப் பவிசு பிடித்திருந்தது. மெதுவாகத்தானே போகப்போகிறோம் என்று கயிற்றைச் சுருட்டி சீட்டுக்கு அடியில் போட்டேன்.

புளியங்குடிக்குச் சற்று முன்னால் ஒரு வேகத்தடை. லாரி ஏறி இறங்கியதும் பின்னால் பெரிய சத்தம். பீரோ ரோட்டில் குப்புறக் கிடந்தது. பின்னால் பைக்கில் வந்தவர் வண்டியை முள்ளுக்குள் விட்டு, எப்படியோ பிழைத்து எழுந்து வந்தார்.

"லாரி ஓட்டுத ஆளுதானா வே நீரு?" என்றார். சீட்டுக்கு அடியில் கிடந்த கயிற்றை எடுக்கப் போனேன்.

கண்ணாடி நொறுங்கிய பீரோவோடுதான் மாப்பிள்ளை வீட்டு வாசலில் போய் நின்றேன். அக்காள் மகளின் மாமியார் பீரோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். மறு வாரம் புதுக் கண்ணாடியோடு போனபோதுதான் வாயைத் திறந்தார்.

"அது அப்படியே இருக்கட்டும். வாரவங்க கேட்டா சொல்லணும்லா."

கண்ணாடியைத் திரும்ப எடுத்து வந்தேன். கூசிப்போய்விட்டது.

போன மாதம் எலுமிச்சை ஏற்றிவிட்டு அந்த வீட்டுக்குப் போனேன். கண்ணாடி இருந்த இடத்தில் வெறும் தகரம். குளிக்கப் போகும்போது எடுத்த பொட்டுகளை அக்காள் மகள் அதன்மேல்தான் ஒட்டி வைத்திருந்தாள். கிளம்பும்போது கூடவே லாரி வரைக்கும் வந்து, கயிற்றை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

"நல்லா இறுக்கிருக்கீயளா மாமா? பாத்துப் போங்க."

அவள் குத்திக்காட்டவில்லை, அக்கறையாகத்தான் கேட்டாள். குத்திக்காட்டியிருந்தால்கூடத் தேவலை.