பச்சைக் குடம் நின்ற இடம்

தண்ணீர் இல்லாத அடிபம்பை அடித்தால் வறட்டு இருமல் போல ஒரு சத்தம் வரும். கைப்பிடியில் ஒட்டியிருக்கும் துருவின் வாசனை பள்ளிக்கூடம் போன பிறகும் உள்ளங்கையை விட்டுப் போகாது. தியாகராய நகரில், துணிக்கடைகளின் பின்வாசல்கள் திறக்கும் ஒரு சந்தில் நாங்கள் குடியிருந்தோம். எனக்குப் பதினோரு வயதாக இருந்த அந்தக் கோடை முழுக்க, சந்திலிருந்த எல்லாரும் அந்த இருமல் சத்தத்தில்தான் கண்விழித்தோம்.

அப்பா ஒரு கடையில் புடவைப் பிரிவில் நின்றார். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். சந்தில் பாதிப் பேர் அந்தப் பக்கத்துக்காரர்கள்தான். இவ்வளவு பெரிய பட்டணத்தில் நாமெல்லாம் ஏன் இங்கேயே வந்து குவிந்தோம் என்று கேட்டால், "தெக்கேருந்து வார ரயிலு மாம்பலத்துல நிக்கி, இறங்கிட்டோம்" என்பார். அந்த ஸ்டேஷன் எங்கள் சந்திலிருந்து நடக்கிற தூரம்தான். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பது போல இருக்கும் அவர் முகம்.

லாரித் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது என்பதால் சந்துமுனையில் ஆட்களுக்குப் பதிலாகக் குடங்கள்தான் வரிசையில் நிற்கும். ஆளுக்கு ஒரு குடம் என்று கணக்கு. அம்மாவுடையது பச்சை பிளாஸ்டிக் குடம்; யாரும் மாற்றி எடுத்துவிடக் கூடாதென்று அதன் கழுத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்திருந்தாள். வரிசையை மேய்த்தவர் கீழ்வீட்டு முனியம்மா அக்கா. ஊருக்குப் போகிறவர்கள் குடத்தை எடுத்துவிட வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அதில் மட்டும் தாட்சண்யமே கிடையாது.

மே மாதம் தம்பிக்கு வயிற்றுப்போக்கு வந்தது. தண்ணீர்தான் காரணம் என்றார் டாக்டர். அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டாள். அங்கே தாமிரபரணி ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிடும், அப்பாவுக்கும் சோறு பொங்க ஆள் வேண்டும் என்பதால் நான் இங்கேயே இருப்பதாக முடிவாயிற்று. என்னை யாரும் கேட்டதாக நினைவில்லை. "பம்புல தண்ணி வந்ததும் வந்துருவேன் ட்டி" என்று ரயில் ஜன்னலிலிருந்து அம்மா சொன்னாள். சரி என்றேன். அழுகை வரவில்லை. திரும்பி வரும் வழியில் அப்பா வாங்கித் தந்த கரும்புச்சாற்றைக் குடித்தேன், அது இனிப்பாகவே இருந்தது.

பச்சைக் குடத்தை நான் வரிசையிலிருந்து எடுக்கவில்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு முனியம்மா அக்கா கேட்டுவிட்டார். "இன்னா பாப்பா, உங்கம்மா ஊருக்குப் பூட்ச்சு, கொடம் மட்டும் லைன்ல நின்னுகினு கீது?"

"தண்ணி வந்ததும் வந்துடுவாங்க அக்கா."

என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். பிறகு குடத்தைக் காலால் நகர்த்தி, தன் குடத்துக்குப் பின்னால் ஒட்டி நிறுத்தினார். "சரி, நிக்கட்டும். யாரும் கை வெக்க மாட்டாங்க" என்றார். அந்தச் சட்டத்தை அவர் மீறி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஜூனில் பள்ளி திறந்ததும் சமூக அறிவியலில் முதல் பாடமே பழங்கால மக்கள் பரவிய கதை. புத்தகத்தில் இரண்டு பக்கத்துக்கு விரிந்த வரைபடம்: மலைகள் பழுப்பு, ஆறுகள் நீலம், மனிதர்கள் சிவப்பு அம்புகள். மலை மறித்த இடத்தில் அம்புகள் வளைந்து போயின, கணவாய் கிடைத்த இடத்தில் நுழைந்தன, ஆற்றைக் கண்டதும் கூடவே ஓடி, ஓரிடத்தில் புள்ளியாக நின்றன. அந்தப் புள்ளிதான் ஊர். ஆறு திசை மாறினால் ஊர் காலியாகும், பானை ஓடுகள் மட்டும் மண்ணில் கிடக்கும், அவற்றை வைத்துத்தான் அங்கே யார் இருந்தார்கள் என்று பின்னால் வருகிறவர்கள் சொல்கிறார்கள் என்று மிஸ் நடத்தினார். வகுப்பில் மற்றவர்களுக்கு அது பரீட்சைக்கான பாடம். நான் எங்கள் வீட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

அன்றைக்கே வரைபடத்தின் தென்கோடியில் பென்சிலால் இரண்டு அம்பு போட்டேன். ஒன்று அம்பாசமுத்திரத்திலிருந்து மாம்பலத்துக்கு. இன்னொன்று மாம்பலத்திலிருந்து திரும்ப. மறுபடி மாம்பலத்துக்கு மூன்றாவது அம்பு போட வேண்டும், ஆனால் அச்சடித்த அம்புகளில் ஒன்றுகூட அப்படி விட்டுப் போன ஊருக்கே திரும்பியதாகக் காணோம். எழுந்து கேட்டேன். "ஆத்துல மறுபடி தண்ணி வந்துட்டா அவங்க திரும்பி வந்துடுவாங்க இல்ல மிஸ்?"

மிஸ் நல்லவர், கேள்வியைத் தட்டிவிடவில்லை. கொஞ்சம் யோசித்துச் சொன்னார். "போன இடத்துல அதுக்குள்ள விதைச்சிருப்பாங்களேம்மா. நிக்கிற பயிரை விட்டுட்டு யார் வருவா?"

உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வாரம் பக்கத்துக் கடைத் தொலைபேசியில் அம்மா பேசினாள். பின்னணியில் தம்பியின் சிரிப்பு கேட்டது. "சின்னவன் சும்மா சுத்திட்டுத் திரியுதான்னு இங்கன பள்ளிக்கூடத்துல சேத்துட்டோம். சும்மா கொஞ்ச நாளைக்குத்தான்" என்றாள். சரி என்றேன்.

ஐப்பசியில் மழை கொட்டியது. பம்பு ஒரு நாள் காலை இருமிவிட்டு, செம்மண் நிறத்தில் தண்ணீரைக் கக்கியது. சந்தே கூடி நின்று கைதட்டியது. அப்பா கடைக்குப் போகாமல் நின்று ஊருக்குப் பேசினார். "தண்ணி வந்துட்டு" என்றார். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். "ஆமா, படிப்பு பாதியில கெடக் கூடாதுல்லா" என்று வைத்துவிட்டார். சண்டை இல்லை, பிரிவு என்று யாரும் சொல்லவும் இல்லை. முழுப்பரீட்சை முடிந்தது, அம்மா அங்கே தையல் மிஷின் வாங்கினாள், அடுத்த வருடம் மாமா வீட்டுப் பக்கத்தில் தனியாக வீடு பிடித்தாள். விடுமுறைக்கு நாங்கள் போனோம், அவளும் இரண்டொரு முறை வந்து போனாள்.

வரிசைக்கு வேலை இல்லாமல் போனதும் முனியம்மா அக்கா பச்சைக் குடத்தை எங்கள் வாசலில் கொண்டுவந்து வைத்தார்.

இப்போது அந்தச் சந்தில் அடிபம்பு இல்லை, குடவரிசையும் இல்லை, முனியம்மா அக்கா இருந்த இடத்தில் கடையொன்றின் வண்டி நிறுத்துமிடம். அப்பா காலமாகிவிட்டார். நான் திருவான்மியூரில் இருக்கிறேன், குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது, குடம் மட்டும் என்னோடு வந்து பால்கனியில் செடிக்குத் தண்ணீர் ஊற்ற நிற்கிறது. வெயிலில் பச்சை வெளுத்துவிட்டது. சிவப்புப் பொட்டு எப்போது உதிர்ந்ததென்று தெரியவில்லை.

போன மாதம் அம்மா வந்திருந்தாள். பேத்தியைப் பார்த்துவிட்டு நாலு நாளில் திரும்ப டிக்கெட். காலையில் பால்கனியில் நின்று, குடத்தை ஒரு கையால் தூக்கி, விரலால் தட்டிப் பார்த்தாள்.

"நல்ல கெட்டிக் குடமால்லா இருக்கு. எங்க வாங்குன?"

"இங்கதாம்மா" என்றேன்.