ஞானகுமாரி லேசில் ஒட்டித் தரமாட்டார்

கட்டைவிரலை எடுக்கவே இல்லை ஞானகுமாரி. காரின் பின்கதவில் ஒட்டிய கம்பெனிச் சின்னத்தின் மேல் அழுத்தியபடி நிற்கிறார். உதடு மட்டும் அசைகிறது. "முடிஞ்சிதாக்கா?" என்று வண்டிக்காரர் கேட்டால் பதில் வராது, ஒரு முறைப்பு வரும். மூன்று முறை 'அருள் நிறைந்த மரியே' சொல்லி முடிக்க ஒரு நிமிடம் ஆகும். அதற்குமுன் விரலை எடுத்தால் ஒட்டியது நிற்காது என்பது அவருடைய சட்டம். கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் பிடித்தால் ஆகாதா என்று ஒருநாள் வாய் சும்மா இல்லாமல் கேட்டுவிட்டேன். "கடியாரம் நேரத்த தான் நைனா காட்டும். அதுக்கு ஒட்டத் தெரியுமா?" என்றார்.

கரையான்சாவடி மெயின் ரோட்டில் பிரியாணிக் கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவே எட்டடிக்குப் பத்தடியில் கடை. ஸ்டியரிங் உறை, தரை விரிப்பு, தலையாட்டும் நாய்க்குட்டி எல்லாம் உண்டு. ஸீட் கவர் தைப்பது கணவர் பாஸ்கல். அவர் வருடத்துக்குப் பத்து வார்த்தை பேசுவார், அதில் நாலு 'ம்'. ஆனால் கடைக்கு வருகிறவர்களின் கண் போவது இடது பக்கச் சுவருக்குத்தான். உலகத்துப் பெரிய கார் கம்பெனிகளின் சின்னங்கள் அங்கே வரிசையாக ஆணியில் தொங்குகின்றன. பாயும் குதிரை, முட்டும் காளை, நாலு வளையம், சிறகு விரித்த எழுத்து. அதெல்லாம் விற்பதற்காக மாட்டியிருக்கிறது என்று நம்பி உள்ளே போகிறவர்கள் பாவம்.

முதலில் எந்த வண்டி என்று கேட்பார். பிறகு வெளியே வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். அப்புறம் அந்தக் கம்பெனியின் வரலாறு முழுவதையும் சொல்வார், வேலை அவசரம் என்று சொன்னாலும். எல்லாம் கேட்டு முடித்தபின் "உன் வண்டிக்கு இது செட்டாவாது, போயிட்டு வா" என்று அனுப்பிவிடுவார். இப்படி ஒரு வியாபாரம் எப்படி இருபத்திரண்டு வருடமாக நடக்கிறது என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

வேம்புலி என்று ஒருவர், பூந்தமல்லி மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றும் குட்டியானை வண்டிக்காரர், காளைச் சின்னம் கேட்டு வந்தார். கட்டாயம் திட்டு விழும் என்று நான் ஆசையோடு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "இந்தக் காளக்காரன் யாரு தெரியுமா? டிராக்டர் செஞ்சவன். காசு வந்திச்சி, குதிர கம்பெனி காரு ஒண்ணு வாங்கினான். கிளட்சு சரியில்லன்னு போயி சொன்னா, நீ டிராக்டர் ஓட்டு போன்னுட்டானாம் அந்தக் கம்பெனிக்காரன். நெசமோ பொய்யோ, ஊரே அப்டிதான் சொல்லுது. ரோசம் வந்துச்சி பாரு, அவனே காரு செஞ்சான்." கதையைச் சொல்லிவிட்டு வேம்புலியை மேலும் கீழும் பார்த்தார். "நீயும் லோடு அடிக்கிறவன். உனக்குக் காள பொருந்தும், கொண்டா வண்டிய." இரண்டு நிமிடத்தில் ஒட்டியாகிவிட்டது. வெங்காய மூட்டைகளோடு அந்தக் காளை இன்றும் பூந்தமல்லியைச் சுற்றி வருகிறது.

ஞானகுமாரி வீட்டுத் தெருவில்தான் நானும் இருக்கிறேன். என் சாண்ட்ரோவுக்கு மட்டும் எதுவும் பொருந்தாது. ஏழு வருடமாகக் கேட்கிறேன். ரோல்ஸ்ராய்ஸின் பறக்கும் பெண் பொம்மையைக் கேட்டபோது, "அந்த வண்டி ஓடுனா பக்கத்துல நிக்கிறவனுக்கே தெரியாது பரந்தாமா. உன் வண்டி தெரு முக்குல திரும்பசொல்லவே எங்கூட்டுல பால் பொங்குது" என்றார். எனக்குக் கோபம்தான். ஆனால் அன்றைக்கு அவர் பேச்சைக் கேட்டு நானே சிரித்துத் தொலைத்தேன்.

எட்டாம் வகுப்போடு நின்றவருக்கு இவ்வளவும் எப்படித் தெரியும் என்றால், பழைய பேப்பர் கடை. சின்னங்களைச் சுற்றிக் கொடுக்கக் கிலோ கணக்கில் வாங்கிய பேப்பர் கட்டுக்குள் ஒருதடவை வழவழப்பான ஆங்கிலக் கார் பத்திரிகைகள் வந்துவிட்டன. ஒரே மகள் ஷாரன் அப்போது நாலாவது படித்தாள். வீட்டுப்பாடம் முடிந்ததும் அவள் எழுத்துக்கூட்டி வாசித்துத் தமிழில் சொல்ல வேண்டும், அம்மா கேட்பார். மற்ற பிள்ளைகள் ஆப்பிள், பால் என்று ஆங்கிலம் கற்றபோது ஷாரன் கார்புரேட்டர், கியர்பாக்ஸ் என்று கற்றாள். இன்றைக்கு முகப்பேரில் ஒரு தனியார் பள்ளியில் அவள் ஆங்கில டீச்சர். அந்தக் கதைகளைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்கிறாள்.

ஞானகுமாரிக்கு உயிர் பெர்த்தாவின் மேல்தான். முதன்முதலில் கார் செய்த பென்ஸின் மனைவி. பக்கத்துத் தெருக்காரியைப் போலத்தான் அவரைப் பற்றிப் பேசுவார். "புருசன் வண்டிய செஞ்சிட்டு ஜனம் இன்னா சொல்லுமோன்னு குந்திகினு கீறான். இவ இன்னா பண்ணா? அவன் தூங்கசொல்ல ரெண்டு பசங்கள ஏத்திகினு அம்மா ஊட்டுக்கு வண்டிய உட்டா. நூறு கிலோமீட்டரு. எண்ணெக் கொழா அடச்சிகிச்சி, தொப்பி ஊசிய எடுத்து ஒரு குத்து. எண்ணெ தீந்துபோச்சி, மருந்துக் கடையில கறை எடுக்கற எண்ணெய வாங்கி ஊத்து. அப்புறந்தான் ஊரே காருன்னா இன்னான்னு பாத்திச்சி. ஆனா கம்பெனி யாரு பேர்ல கீது? புருசன் பேர்ல." இந்த இடத்தில் கதையை நிறுத்தி, வாசலில் 'பாஸ்கல் கார் டெகார்ஸ்' என்று எழுதிய போர்டைப் பார்ப்பார். பாஸ்கல் குனிந்து ரெக்ஸின் வெட்டத் தொடங்குவார்.

அந்த பெர்த்தாவுக்கு மரியாதையாகத்தான் வளையலில் எப்போதும் ஓர் ஊக்கு மாட்டியிருக்கிறார். சின்னத்தின் இடுக்கில் சேரும் அழுக்கை அதைக்கொண்டுதான் எடுப்பார். கைப்பையில் இரட்டைப்பக்க டேப் ஒரு சுருள் இருக்கும். பூசைக்குப் போகும்போதும் அது கூடவே போகும்.

சுவரில் மேல் ஆணியில் தொங்கும் மூன்று முனை நட்சத்திரத்தை மட்டும் யாருக்கும் விற்றதில்லை. "காரு நல்லா தான் கீது, ஆனா எம்பொண்ணு பேர வெச்சா தான் முப்பத்தாறு வண்டியும் எடுப்பேன்னு ஒரு யாவாரி சொன்னான். பதினோரு வயசுப் பொண்ணு, மெர்சிடிஸ்ஸு. வெச்சாங்க. அது பொண்ணப் பெத்தவன் வாங்கிக் குடுத்த பேரு, கண்டவன் வண்டியில ஒட்டறதுக்கு இல்ல" என்பார். தரை, தண்ணீர், வானம் என்று மூன்று முனைக்கும் கணக்கு உண்டாம். வானம் மேலேதான் இருக்க வேண்டுமாம். இதைக் கேட்கும்போதெல்லாம் ஷாரன், "என் பேர்ல ஒரு ஸ்பாஞ்சு கூட இந்தக் கடையில இல்ல" என்று முணுமுணுப்பாள்.

போன வருடம் ஷாரனைப் பார்க்க ஒரு வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா கேசரியைத் தின்றுகொண்டே, "ரோல்ஸ்ராய்ஸ்னு ஒரு துரை இருந்தான்" என்று ஆரம்பித்தார். ஞானகுமாரி சிரித்துவிட்டார். "ஒரு துரை இல்லீங்க, ரெண்டு பேரு. ஒருத்தன் பிரபு ஊட்டுப் புள்ள. இன்னொருத்தன் சின்ன வயசுல பேப்பர் வித்தவன்." அத்தோடு விட்டாரா? பேப்பர் விற்றவன் இல்லாவிட்டால் பிரபு வீட்டுப் பிள்ளை நடந்துதான் போயிருப்பான் என்று வேறு சேர்த்தார். சித்தப்பா பாதிக் கேசரியோடு எழுந்துவிட்டார். அந்தச் சம்பந்தம் அங்கேயே முடிந்தது.

அதனால்தான் இந்தத் தடவை ஷாரன் என்னிடம் வந்தாள். மாப்பிள்ளை பெனிட்டோ, அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. பங்குக் கோயில் வழியாக வந்த வரன். இருவரும் ஏற்கெனவே இரண்டு முறை ஜூஸ் கடையில் பேசியிருக்கிறார்கள். "எனக்கு அவரை ரொம்பப் புடிச்சிருக்கு அங்கிள். இதுவும் அம்மா வாயால போச்சுன்னா நான் வேற யாரையும் கட்டிக்க மாட்டேன். அம்மா பேச மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கு. நீங்க வாசல் பக்கம் உக்காந்து, வண்டி தெரியாம மறைச்சுக்கோங்க" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. நானும் வீரமாகத் தலையாட்டினேன்.

ஞாயிறு மாலை நாலு மணிக்கு வெள்ளை வேகன்-ஆர் வந்து நின்றது. அதன் முகத்தைப் பார்த்தேன். முன்பக்கம் நடுவில், கம்பெனிச் சின்னம் இருக்க வேண்டிய இடத்தில், பளபளவென்று மூன்று முனை நட்சத்திரம். அதுவும் தலைகீழாக.

நான் எழுந்து வாசலை மறைத்தேன். நான் ஒல்லி. ஞானகுமாரி என் தோளுக்கு மேலே பார்த்துவிட்டார். அவர் கை தானாக வளையல் ஊக்குக்குப் போனது. மகளைத் திரும்பிப் பார்த்தார். கரண்டி நிறையக் கேசரியை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டார்.

பையனின் அப்பா அலெக்ஸ் ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம். நெமிலிச்சேரியில் வீடு கட்டியிருக்கிறார். நல்ல மனிதர், கலகலப்பாகப் பேசினார். "கடை நீங்கதான் பாக்கியளாமே?" என்று ஞானகுமாரியைக் கேட்டார். தலையாட்டல். "பொண்ணு உங்க சாடைதான்." தலையாட்டல். நிலைமையைச் சமாளிக்க பாஸ்கல் திடீரென்று ரெக்ஸின் வகைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அடுத்த மூன்று வருடத்துக்கான வார்த்தைகளை அன்றே செலவழித்தார். ஞானகுமாரி மறுபடி கேசரிக் கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். பார்வை மட்டும் என் இடுப்புக்கும் கதவு நிலைக்கும் நடுவே தெரிந்த இடைவெளியிலேயே இருந்தது.

அலெக்ஸின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். "நாங்க வந்ததுல எதுவும் குறையா? அம்மா வாயத் தொறக்க மாட்டேங்காக, எங்க முகத்தயும் பாக்க மாட்டேங்காக. புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லிருங்க. மனசுல ஒண்ண வச்சுக்கிட்டு பலகாரம் தர வேண்டாம்." சொல்லிவிட்டு எழுந்தேவிட்டார். பெனிட்டோவும் எழுந்தான். போன வருடம் பேச்சால் கெட்டது இந்த வருடம் பேசாமல் கெடப் போகிறதே என்று எனக்குப் பகீரென்றது.

உள்ளறைத் திரையை விலக்கிக்கொண்டு ஷாரன் வந்தாள். "அம்மா, பேசும்மா."

ஞானகுமாரி கேசரியை விழுங்கினார். "பேசட்டா?"

"பேசு."

பேசவில்லை. என்னை ஒரு கையால் தள்ளிவிட்டு நேராக வாசலுக்குப் போனார். பட்டுப் புடவையோடு காரின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். எல்லோரும் பின்னாலேயே போனோம்.

"யாரு ஒட்டினது?"

"நான்தான் ஆன்ட்டி. காலைல."

"எதுக்கு?"

"உங்களுக்கு கார் கம்பெனி சின்னம்னா உயிருன்னு ஷாரன் சொன்னாங்க. அதான், நீங்க பாத்தா சந்தோசப்படுவீங்கன்னு..."

ஷாரன் நெற்றியில் அடித்துக்கொண்டாள். அலெக்ஸ் அப்போதுதான் நட்சத்திரத்தைப் பார்த்தார். "என்னல இது? நம்ம வண்டிச் சின்னம் எங்கல?"

"வானத்த தரையில கவுத்து வெச்சிகீறியேப்பா" என்றார் ஞானகுமாரி. "பழச இன்னா பண்ண? தூக்கிப் போட்டியா?"

பெனிட்டோ சட்டைப் பைக்குள் கைவிட்டுக் கைக்குட்டையை எடுத்துப் பிரித்தான். உள்ளே பழைய சின்னம், துடைத்துச் சுத்தமாக இருந்தது. "அப்பா ரிடையர் ஆனப்ப வாங்கின வண்டி ஆன்ட்டி. எங்க வீட்டுக்கு முதல் கார். தூக்கிப் போட மனசு வரல."

ஞானகுமாரி கைநீட்டி அந்தச் சின்னத்தை வாங்கிக்கொண்டார்.

"பரந்தாமா, உள்ள போயி ஷாரனோட ஹேர் டிரையர எடுத்துகினு வா. அப்டியே தேங்கா எண்ணெ, சானிடைசரு."

நட்சத்திரத்தைச் சூடாக்கி, ஊக்கால் ஓரத்தை நெம்பி, ஒரு கீறல் விழாமல் எடுத்தார். நான் அதையே பார்ப்பதைக் கவனித்து, "உன் சாண்ட்ரோவுக்கு இல்ல" என்று கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். எண்ணெய் போட்டுப் பழைய கோந்தைத் தேய்த்து, சானிடைசரால் துடைத்து, டேப் வெட்டி, பழைய சின்னத்தை அதன் தடத்திலேயே வைத்தார். ஒரு கண்ணை மூடி நேர் பார்த்தார். பெனிட்டோவின் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, அவன் கட்டைவிரலைச் சின்னத்தின் மேல் வைத்து, அதன்மேல் தன் கட்டைவிரலை அழுத்தினார்.

"மூணு மரியே வாழ்க. நடுவுல எடுத்தா நிக்காது" என்றார். உதடு அசைந்தது. பெனிட்டோவும் கூடவே சொன்னான். முதல் ஜெபம் முடிந்ததும், இடது கையால் ஷாரனின் கையை எட்டிப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். அவள் கட்டைவிரலை பெனிட்டோவின் விரல்மேல் வைத்துவிட்டு, தன் விரலை எடுத்துக்கொண்டார்.