மஞ்சள் புள்ளியில் ஒருவர்

எவளையும் இழுத்துக்கொண்டு ஓடவில்லை என் தம்பி. எதிர்வீட்டுத் தையல்காரி வாய்க்கு வந்ததைச் சொல்வாள். அவன் வீட்டைவிட்டுப் போனபோது பக்கத்தில் இருந்தது நானா, அவளா?

அவன் பெயிண்டர். தெருவில் ‘நெட்டை’ என்றால்தான் தெரியும். பெண்டாட்டி செத்த பிறகு என் பின்னறையில்தான் இருந்தான். பேச்சுத்துணை என்று பார்த்தால் அளவுகோலும் நூல்கண்டும்தான். அந்தக் காலத்து ஓவியர்கள் கணக்குப் போட்டே தட்டைச் சுவரில் ஆழம் காட்டினார்களாம். ஒரு பழைய புத்தகத்தில் பார்த்து, அதே பைத்தியமாக இருந்தான்.

கூட்டம் நடக்கிற மண்டபத்துக்குப் பெயிண்ட் அடிக்கப் போனவன், முதலாளியைக் கேட்டு, தட்டைக் கூரையில் குவிமாடம் வரைந்தான். வாசல் நடுவே ஒரு மஞ்சள் புள்ளி வைத்தான். அங்கே கண் உயரத்துக்குக் கம்பு நட்டு, அதிலிருந்து கூரைக்கு நூல் இழுத்து இழுத்துக் குறித்தான். நாற்பது நாள் சாரத்தில் மல்லாந்து கிடந்தான். செய்த பிசகு ஒன்றே ஒன்று: காலி மண்டபத்தில், வாசலில் நிற்கிற ஒருத்தர் கண்ணுக்கு மட்டும் கணக்குப் போட்டுவிட்டான். நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்களுக்கு மாடம் சரிந்து தலையில் விழுகிற மாதிரி தெரிந்தது.

“என்னய்யா, குடிச்சிட்டு வரைஞ்சியா?” என்றார் முதலாளி.

“அந்தப் புள்ளியில வந்து நில்லுங்க. நேரா தெரியும்.”

“முந்நூறு பேரும் வாசல்லயே நிக்கணுமா? ஞாயித்துக்கிழமைக்குள்ள வெள்ளையடி.”

அழிக்கிறதுக்கு முன்னால் யாராவது ஒருத்தர் அந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும். அவன் கேட்டது அவ்வளவுதான். தையல்காரியைக்கூடக் கூப்பிட்டான். ஆளில்லாத மண்டபத்துக்குத் தனியாகக் கூப்பிடுகிறான் என்று கதை கட்டிவிட்டாள் மகராசி.

“அக்கா, ஒரு நடை வந்து பாரேன்.”

“முட்டி வலிக்குதுடா. அண்ணாந்து பாக்க நம்ம வீட்லயே கூரை இருக்கு.”

சிரித்தான். மறுநாளும் கேட்டான். நான் பிடித்த பிடியை விடவில்லை.

சனிக்கிழமை மனசு கேட்காமல் முட்டியில் துணியைச் சுற்றிக்கொண்டு போனேன். கூரை முழுக்க ஈர வெள்ளை. ஒரு மூலைதான் மிச்சம்.

“இருடா, இருடா!”

“இதை மட்டும் பாத்து என்னக்கா தெரியும்?” என்று அதையும் பூசினான்.

மறுநாள் காலையில் குளித்து, சட்டை மாற்றினான்.

“சாப்ட்டுப் போடா.”

“பசிக்கலக்கா.”

“எங்கடா கெளம்பிட்ட?”

செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான்.